நாலால் பெருக்கு

கறுப்பு வெல்வெட் தட்டில் இரண்டையும் வைத்துவிட்டு
ஜெபின் கேட்டான்: "சாருக்கா மேடம்?"
சார் என்று யாரும் இல்லை. எனக்குத்தான்.
அவன் பேனாவை மூடித் திறந்தான்.
வெளியே ஒரு வடசேரி பஸ்
ஹாரனை விடாமல் பிடித்தபடி மணிமேடையைச் சுற்றிப் போனது.

இடது பக்கத்தது தானாய் முறுக்கிக்கொள்ளும்.
கை வீசி நடந்தால் போதும்,
உள்ளே அரைவட்டத் தகடு ஆடி ஆடி வில்லுக்குத் தீனி போடும்.
கழற்றி வைத்தால் நாற்பத்திரண்டு மணி நேரம். அப்புறம் நின்றுவிடும்.
வலது பக்கத்ததற்குச் சாவி கொடுக்க வேண்டும்,
காலையில் முப்பது திருகு.
மெலிசு. பப்படம்போல்.

"ஆட்டோமேட்டிக்தான் மேடம் மூவிங். நீங்க மறந்தாலும் ஓடும்."

பத்தொன்பது வருஷம் மஸ்கட் ஐசியூவில்
மறக்காமல் இருக்கத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.
அதை இவனிடம் எதற்குச் சொல்ல.

அங்கே மணிக்கட்டில் ஒன்றும் கட்டக்கூடாது.
முழங்கைவரை சோப்பு. வளையலும் கிடையாது.
நெஞ்சில் தலைகீழாகத் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் கடிகாரம்,
குனிந்தால் எனக்கு மட்டும் நேராகத் தெரியும்.
அதைப் பார்த்துப் பதினைந்து செகண்ட் எண்ணி
நாலால் பெருக்கு, எழுது, அடுத்த கட்டில்.
சிலருக்குக் கடைசியாக எழுதிய நேரமும் அதில் பார்த்ததுதான்.
சரியாக ஓடியதா என்று ஒருவரும் கேட்டதில்லை.

"இது நாளைக்கு நாலு செகண்ட் முந்தும் மேடம்,
அது மூணு பிந்தும்."
நாலரை லட்சம் கொடுத்தாலும் பிழை உண்டா?
கேட்க எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மைனி போனில்: "அந்தப் பைசாவுக்கு அஞ்சாறு பவன் வருமே பிள்ளே."
வரும் மைனி. பைய வாங்குவோம்.

பின்பக்கம் திருப்பிக் காட்டினான். கண்ணாடி வழியே
சின்னச் சக்கரம் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.
மணிக்கு இருபத்தெட்டாயிரத்து எண்ணூறாம்,
மற்றதற்கு இருபத்தோராயிரத்து அறுநூறாம்.
மனசு தானாக அறுபதால் வகுத்தது.
நிமிஷத்துக்கு நானூற்றெண்பது. முன்னூற்றறுபது.
இப்படி ஒரு நெஞ்சு துடித்தால்
நான் ஓடியிருப்பேன், தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு,
எல்லாரையும் விலகச் சொல்லிக் கத்தியபடி.
இங்கே அதற்குப் பெயர் ஆரோக்கியம்.

"கையைக் கொடு மக்கா."
விலை பேசப் போகிறேன் என்று நினைத்தானோ என்னவோ,
வலதுகையை நீட்டினான்.
மூன்று விரல் வைத்தேன்.
இடது கடிகாரத்தில் பெரிய முள் வழுக்கிக்கொண்டு போக
இருபத்துநாலு. தொண்ணூற்றாறு.
வலதில் ஆறு மணிக்கு மேலே ஒரு குட்டி வட்டம்,
அதற்குள் கடுகை இழுத்து நீட்டியதுபோல் முள்.
கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தும் பிடிபடவில்லை.
இருபத்தஞ்சோ, இருபத்தாறோ. நடுவில் எண்ணம் விட்டுப்போனது.

"காலையில சாப்பிட்டியா?"
"இல்ல மேடம். மாசக் கடைசி. டார்கெட்."
"ஒருநாள் பிரஷர் பாரு."
சிரித்தான். "டாக்டரா?"
"நர்ஸ். இருந்தேன்."

பிறகு இரண்டையும் மாறி மாறிக் கட்டிப் பார்த்தேன்.
இடது கொள்ளாம். எந்த வார்டுக்கும் போகலாம்.
இருட்டிலும் முள் தெரியும்,
யார் நாடியையும் பிழையில்லாமல் எண்ணலாம்.
வலதைக் காட்டினேன். "இது போதும்."
"செகண்ட் முள் தெரியலைன்னு சொன்னீங்களே மேடம்?"
"ஆமா."

பில் யார் பெயரில் என்று கேட்டான்.
லிற்றில் பிளவர். றகரம் போட்டு எழுது.
அவனுக்கு எழுதத் தெரிந்திருந்தது, அவன் சித்திக்கும் அதே பெயராம்.

கருங்கல் வீட்டில் முதல் இரண்டு வாரம்
அஞ்சரைக்கு எழுந்து முப்பது திருகு. டியூட்டிபோலவே.
மூன்றாவது வாரம் மழை, விருந்து, கரண்ட் இல்லை.
செவ்வாய்க்கிழமை பார்க்கிறேன், நின்றிருந்தது.
பத்து இருபதுக்கு.
எந்த நாள் பத்து இருபது என்று தெரியவில்லை.

யாரையும் கூப்பிடவில்லை.
எங்கும் எழுதி வைக்கவில்லை.
கட்டன் சாயாவைக் குடித்து முடித்துவிட்டு
டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு
அப்புறம் போய்த் திருகினேன்.